கடனும் உறுதியும்: இலங்கையிற் கடன் மீட்புச் சட்டத்தின் சமூக அடிப்படை

கடன் மீட்பு, சட்டத்தரணிகளின் அன்றாடத் தொழில்களுள் ஒன்று. வணிக நிறுவனமொன்று தனக்கு வரவேண்டிய பணத்திற்காக அவர்களை நாடுகின்றது. கோரிக்கைக் கடிதம், வழக்கு, கட்டளை, சொத்தை ஏலத்தில் விற்றல் என அலுவல் படிப்படியாகச் செல்கின்றது. இதனை வர்க்கச் சார்பற்ற வெறும் நடைமுறையென்றே பலரும் கருதுவர். ஆயின் இப்படிகள் எக்காலத்தில், எவர் தேவை கருதித் தோன்றின என வினவின், கடன்பட்டவன் தன் பக்கத்தைக் கூறுவதற்கிருந்த வாய்ப்பு சுருங்கி வந்த வரலாறு புலனாகும்.

1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, யாழ்ப்பாண நிலவுடைமைச் சமுதாயத்தின் கடனுறவுகளைப் பதிவுசெய்கின்றது. அதிற் கூறப்படும் ஒற்றி முறையில், பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக நிலத்தின் விளைவை அனுபவித்தார். பணம் திரும்பியதும் நிலம் உரியவரிடம் மீண்டது. இதனை இலட்சியமயப்படுத்தல் தவறு. அதே தேசவழமை அடிமை முறையையும் அங்கீகரித்தது. எனினும் அங்கு நிலம் முதன்மையாக விளைவு தரும் பொருளேயன்றி, விரைந்து பணமாக்கப்படவேண்டிய பண்டமன்று.

பெருந்தோட்டப் பொருளாதாரம் வேரூன்றிய காலத்தில் இந்நிலை மாறிற்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி விற்பனையும் ஈடும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டுமென விதித்தது. ஊரறிவு பெற்றிருந்த இடத்தை உறுதி பெற்றது. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை மேலும் ஒரு படி சென்றது. எழுத்தாவணத்திற் குறித்த கடன்தொகைக்குச் சுருக்கமுறை வழக்கு ஏற்பட்டது; எதிராளி நீதிமன்றின் அனுமதி பெற்றே எதிர்வாதஞ் செய்யலாம். எழுத்தறிவும், பிறக்கிராசிக்குக் கொடுக்கப் பணமும் அற்ற குடியானவனுக்கு இது எத்தகைய தடையென விளக்க வேண்டியதில்லை.

1931இற் கிடைத்த சர்வசன வாக்குரிமை, கடன்பட்ட கிராமத்தவனை வாக்காளனாக்கிற்று. 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் கடன் இணக்கச் சபைக்கு வழிவகுத்தமை இப்பின்னணியில் நோக்கற்பாலது.

1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின்னர் நிதிமூலதனம் வேகத்தை வேண்டிநின்றது. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கடன் வழங்கும் நிறுவனம் ஆவணங்களையும் சத்தியக்கூற்றையும் சமர்ப்பித்தால், காரணங் காட்டப்படாவிடின் நிலைபெறும் கட்டளை முதலிலேயே பிறக்கின்றது. கடனாளி அனுமதி பெற்றே பின்னர் பேசலாம். அதே ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமோ, ஈட்டுச் சொத்தை வழக்கின்றியே ஏலத்தில் விற்கும் ‘பராட்டே’ அதிகாரத்தை வங்கிப் பணிப்பாளர் சபைகளுக்கு அளித்தது.

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமா என்பதன்று இங்கு பிரச்சினை. சரக்கைக் கடனுக்குக் கொடுத்து ஏமாந்த சிறுவணிகனுக்கும் நீதிமன்று வேண்டும். ஆனால் 1990இன் விரைவுப் பாதைகள் அவனுக்காகத் திறக்கப்படவில்லை. எழுத்தாவணமற்ற அவன் நெடிய வழக்கையே நடத்த வேண்டும். அவனே வங்கிக்குக் கடனாளியாகும்போது அவ்வேகம் அவன் மீது பாய்கின்றது.

பொருளாதார நெருக்கடியால் நலிந்த சிறு, நடுத்தர முயற்சியாளர் குரலெழுப்பியதையடுத்து, 2024இற் பராட்டே அதிகாரம் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது. 1941உம் 2024உம் உணர்த்துவது ஒன்றே: கடன்பட்டவன் பேசும் உரிமை சட்டத்தின் கருணையாற் கிடைத்ததன்று, அவன் ஒரு சமூகசக்தியாகத் திரண்டபோது கிடைத்ததாகும்.