விசைகள் ஒளிந்துகொண்ட காலம்: ஸ்லைடர் கைப்பேசி குறித்துச் சில குறிப்புகள்

கைப்பேசியின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதை இரண்டாகப் பகுத்துவிடுகிறார்கள். பொத்தான்கள் இருந்த காலம் ஒன்று. 2007-இல் ஐபோன் வந்தபின் கண்ணாடித் தகடு மட்டுமே எஞ்சிய காலம் மற்றொன்று. இந்தப் பகுப்பில் காணாமற்போவது, இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழப் பத்தாண்டுகள் புழங்கிய ஒரு வடிவம். எண்விசைகளைத் திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, கட்டைவிரலால் மேலே தள்ளும்போது மட்டும் அவற்றை வெளியே காட்டும் வடிவம் அது. கடையில் ‘ஸ்லைடர்’ என்றோ ‘ஸ்லைடு போன்’ என்றோ கேட்டு வாங்கினோம். கருவிக்குச் செல்பேசி, அலைபேசி, கைப்பேசி என்று மூன்று பெயர்களை வைத்துக்கொண்டு எது பொருத்தம் என ஓயாமல் வாதிட்ட நாம், இந்த வடிவத்துக்கு ஒரு பெயரைக்கூட நிலைக்கச் செய்யவில்லை. இத்தனைக்கும் இதன் இயக்கம் நமக்குப் புதிதன்று. கூட்டுக்குள் தட்டு நழுவும் தீப்பெட்டி எல்லார் வீட்டு அடுக்களையிலும் இருந்தது.

பொத்தான்கள் ஒரே நாளில் ஐபோனால் ஒழிக்கப்பட்டன என்று நான் கருதவில்லை. பொத்தான் என்பது மறைத்துவைக்க வேண்டிய பொருள், திரைதான் கருவியின் முகம் என்று நம் கையைப் பழக்கியது ஸ்லைடர்தான். அந்தப் பழக்கத்தின் ஊடாகத்தான் நம் கையில் தமிழ் எழுதப்பட்ட விதமும் மாறியது என்பதால், இது இலக்கிய வாசகர்களுக்கும் உரிய செய்தி என்றே நினைக்கிறேன்.

சிக்கல் எளிமையானது. கைக்கு அடங்கும் ஒரு பரப்பில் திரையும் பன்னிரண்டு விசைகளும் இடம்பெற வேண்டும். ஒன்றைப் பெரிதாக்கினால் மற்றது சுருங்கும். ஒற்றைக் கட்டி போன்ற பழைய கைப்பேசிகளில் திரை ஒரு தபால்தலை அளவே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1996-இல் வந்த மோட்டோரோலாவின் ஸ்டார்டாக், கருவியையே இரண்டாக மடித்து இடத்தை மிச்சப்படுத்தியது. ஆனால் மடிப்புக் கைப்பேசியில் அழைப்பது யார் என்று அறிய அதைத் திறந்தாக வேண்டும். அதற்காகப் பின்னாளில் மூடியின் வெளிப்புறத்திலும் ஒரு சிறு திரையை ஒட்டினார்கள். ஸ்லைடரில் இந்தத் தொல்லை இல்லை. மூடியிருக்கும்போதும் முழுத்திரை கண்முன்னே இருக்கும்.

அதே 1996-இல் நோக்கியா வெளியிட்ட 8110, வாழைப்பழம் போல் வளைந்தது. அதன் விசைகளின்மேல் ஒரு மூடி சறுக்கி இறங்கும். ‘தி மேட்ரிக்ஸ்’ (1999) திரைப்படத்தில் நாயகனுக்குத் தபால் உறையில் வந்துசேரும் கைப்பேசி அதுதான். படத்தில் ஒரு பொத்தானை அழுத்தியதும் மூடி தானே விருட்டென்று திறக்கும். உண்மையான 8110-இல் அப்படி ஏதும் கிடையாது, கையால்தான் இழுக்க வேண்டும்; வில் பொருத்தியது படக்குழுவினர். அதே ஆண்டில் வெளிவந்த நோக்கியா 7110-இல் வில்லும் வந்துவிட்டது. ஆனாலும் இவை மூடி நகரும் கைப்பேசிகளே. உடலே இரு அடுக்காகப் பிரிந்து ஒன்றன்மேல் ஒன்று நழுவும் முதல் கைப்பேசி என்று பொதுவாகக் குறிக்கப்படுவது, 1999-இல் வந்த சீமென்ஸின் எஸ்எல்10. ஜெர்மானியர்களின் இந்தக் கண்டுபிடிப்பில் பணம் பார்த்தவர்கள் கொரியர்கள். சீமென்ஸ் 2005-இல் தன் கைப்பேசிப் பிரிவையே தைவானின் பென்க்யூவிடம் ஒப்படைத்து விலகியது. அதே ஆண்டில் சாம்சங்கின் டி500 என்னும் ஸ்லைடர், கைப்பேசித் தொழிலின் உலக மாநாட்டில் சிறந்த கருவிக்கான விருதைப் பெற்றது.

இடையே 2002-இல் வந்த நோக்கியா 7650-ஐத் தாண்டிச் செல்ல இயலாது. நோக்கியாவின் உள்ளமைந்த கேமரா கொண்ட முதல் கைப்பேசி அது, அதுவும் ஸ்லைடர்தான். இது தற்செயல் அன்று. படம் எடுக்கிறவனுக்குப் பெரிய திரை வேண்டும், எண்கள் வேண்டியதில்லை. எண்கள் இல்லாமலேயே கைப்பேசியால் ஆகும் வேலைகள் ஒவ்வொன்றாகப் பெருகத் தொடங்கிய காலம் அது. படம், பாட்டு, பண்பலை வானொலி, புளூடூத் வழியே நண்பருக்கு அனுப்பும் ஒலித்துணுக்கு என எதற்கும் எண்விசை தேவையில்லை. விசைகள் உள்ளே போனதில் வியப்பென்ன?

தமிழ்நாட்டில் இந்த வடிவம் பரவலானது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. உள்வரும் அழைப்புக்கும் காசு என்ற நிலை 2003 மே மாதத்தில் முடிவுக்கு வந்த பிறகுதான் கைப்பேசி நடுத்தர வர்க்கத்தின் பொருளாயிற்று. அந்த முதல் அலையில் பலர் வாங்கியது, டார்ச் விளக்கோடு அதே ஆண்டில் வந்த நோக்கியா 1100. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற கருவி. இரண்டாவது கைப்பேசி வாங்கும்போதுதான் ‘மாடல்’ பார்க்கும் துணிவு வந்தது. நானும் 2007-இல் அப்படித்தான் மாறினேன். பகுதிநேர விரிவுரையாளரின் சம்பளத்துக்கு அது சிறிய தொகையன்று. சிம் அட்டையில் பொதுவாக 250 பெயர்கள் அடங்கும் என்பதால் எண்கள் எல்லாம் புதிய கருவிக்கு வந்துவிட்டன. பழைய கருவியின் நினைவகத்தில் இருந்த குறுஞ்செய்திகள் வரவில்லை. இதைப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

ஸ்லைடரின் அன்றாடச் சுகங்கள் சிறியவை. மேலே தள்ளினால் அழைப்பை ஏற்கும். கீழே இறக்கினால் துண்டிக்கும். விசைகளைப் பூட்ட மெனுவையும் நட்சத்திரக் குறியையும் அடுத்தடுத்து அழுத்தும் சடங்கு ஒழிந்தது, மூடுவதே பூட்டுவது. சட்டைப் பையிலிருந்து கருவி தானாக யாரையாவது அழைத்துவிடும் விபத்தும் குறைந்தது. பாதி தூரம் தள்ளினால் போதும், மீதியை உள்ளிருக்கும் வில் பார்த்துக்கொள்ளும். முடிவில் ‘டக்’ என்று ஓர் ஓசை எழும். அந்த ஓசைக்காகவே வேலையின்றித் திறந்து மூடிக்கொண்டிருந்தவர்கள் ஏராளம். வகுப்பறையில் அது ஆசிரியருக்கு வசதி. மற்றக் கைப்பேசிகளில் மாணவர்கள் மேசைக்கடியில், 5-ஆம் எண் மேலுள்ள சிறு புடைப்பை விரலால் தடவி, கண்ணால் பாராமலே எழுதுவார்கள், பிடிக்க முடியாது. ஸ்லைடர்காரர்களை ஓசை காட்டிக்கொடுத்துவிடும்.

குறைகளும் இருந்தன. மேலடுக்கின் விளிம்பு முதல் வரிசை விசைகளை நெருக்கும்; 1, 2, 3 எண்களை அழுத்தும்போது கட்டைவிரல் நுனி அதில் இடிக்கும். ஆயினும் ஸ்லைடரின் உண்மையான நோய் உள்ளே இருந்தது. மேலடுக்கின் திரையையும் கீழடுக்கின் சுற்றுப்பலகையையும் இணைப்பது காகிதம் போன்ற ஒரு மெல்லிய வளைபட்டை; ‘ஃபிளெக்ஸ்’ என்பார்கள் பழுது பார்ப்பவர்கள். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அது மடிந்து நிமிரும். நாளொன்றுக்கு ஐம்பது முறை என்று கொண்டாலும் ஆண்டுக்குப் பதினெட்டாயிரம் முறை. ஒருநாள் அதிலுள்ள செப்பு இழை ஒன்று அறும். அழைப்பு வரும், மணி அடிக்கும், திரை மட்டும் வெறும் வெள்ளையாக நிற்கும். சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும், சிற்றூர்ப் பேருந்து நிலையங்களையொட்டிய சிறு கடைகளிலும் கைப்பேசி பழுதுபார்த்தவர்களுக்கு ஸ்லைடர் நல்ல பிழைப்பைக் கொடுத்தது. என் கருவிக்கு இரண்டு முறை பட்டை மாற்றினேன். மூன்றாம் முறை, இதற்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்றார் கடைக்காரத் தம்பி.

இனி எழுத்துக்கு வருகிறேன். என்னிடமிருந்த இரண்டு கருவிகளின் விசைகளிலும் தமிழ் எழுத்து அச்சிடப்பட்டிருக்கவில்லை. பன்னிரண்டு விசைகளில் 247 எழுத்துகளை எப்படி அமைப்பது என்பது பொறியாளர்களின் கேள்வி. நாம் அதற்குக் காத்திராமல் ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதத் தொடங்கினோம். சொற்களை ஊகித்துத் தரும் டி9 முறை இதற்கு உதவாது. அதன் அகராதி ஆங்கில அகராதி, தமிழ்ச் சொல்லை இட்டால் வேறேதோ ஒன்றாக்கித் தரும். ஆகவே ஒரே விசையைப் பலமுறை தட்டும் பழைய வழிதான். இதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் உழைப்பு விலை உண்டு. ழகரத்தை ‘இசட்’, ‘எச்’ என்னும் இரண்டு எழுத்துகளால் குறிப்பது வழக்கமல்லவா? 9-ஆம் விசையை நான்கு முறையும் 4-ஆம் விசையை இரண்டு முறையும் அழுத்த வேண்டும், மொத்தம் ஆறு. அதற்குப் பதில் ‘எல்’ போட்டால் மூன்றே அழுத்தம். ‘தமிழ்’ என்ற சொல்லை ஒலிப்புக்கு நெருக்கமாக எழுதினால் பதினான்கு அழுத்தங்கள், சுருக்கமாக எழுதினால் ஒன்பது. அந்த நாட்களின் குறுஞ்செய்திகளில் ழகரம் லகரமானதை மொழிப்பற்றின் குறைவு என்று மேடைகளில் கண்டித்தவர்களுண்டு. கட்டைவிரலின் சிக்கனம் என்பதே என் கணிப்பு. நெடிலுக்கு இரட்டை உயிர் போடாமல் விட்டதும், ஒற்று மிகுதலைக் கைவிட்டதும் இதே கணக்கில் அடங்கும்.

பணக் கணக்கும் இருந்தது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கில எழுத்துகளானால் அதில் 160 அடங்கும். ஒருங்குறியில் தமிழ் எழுதினால் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட்டுகள் போக, 70 மட்டுமே. அந்த 70-லும் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். நாம் மூன்றெழுத்து என்று எண்ணும் ‘தமிழ்’ அங்கே ஐந்து. அதாவது, அதே காசுக்கு ஆங்கில எழுத்தில் அனுப்புகிறவர் ஒரு கடிதமும், தமிழில் அனுப்புகிறவர் ஒரு தந்தியும் அனுப்பலாம். பொங்கல், தீபாவளி நாட்களில் குறுஞ்செய்திச் சலுகை செல்லாது என்று நிறுவனங்கள் அறிவித்த காலத்தில், தமிழ் வாழ்த்துகள் ஆங்கில எழுத்தில் பறந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-இலேயே கைப்பேசிக்குத் தமிழைக் கொண்டுவந்துவிட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெறுகிறவரின் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வரிசையாகக் கட்டங்களே தெரியும். எழுதுபவர் ஆயத்தமாக இருந்தும் வாசகரிடம் கருவி இல்லாத நிலை அது.

இதற்குள் ஸ்லைடர் தன் உச்சத்தைத் தொட்டுவிட்டிருந்தது. 2007-இல் விற்பனைக்கு வந்த நோக்கியா என்95 இரு திசையிலும் நழுவும். மேலே தள்ளினால் எண்கள், கீழே தள்ளினால் பாட்டுக்கான விசைகள். ஆனால் என் பார்வையில் அதைவிட முக்கியமானது எல்ஜியின் ‘சாக்லெட்’. 2005 இறுதியில் கொரியாவிலும் மறு ஆண்டு பிற நாடுகளிலும் வந்தது. ஒரு கோடிக்கு மேல் விற்றது. அதன் முகப்பில் அழுத்துவதற்கு விசைகளே இல்லை. கரிய பரப்பில், தொட்டால் உணரும் குறிகள் செந்நிறத்தில் ஒளிரும். எண்விசைகள் உள்ளே ஒளிந்திருக்க, வெளியே மற்ற விசைகளும் வெறும் ஒளியாகக் கரைந்துவிட்டன. அடுத்து என்ன நடக்கும் என்பதை அந்தக் கருவியே சொல்லிவிட்டது. அதே நிறுவனம் 2007-இல் பிராடாவுடன் சேர்ந்து முழுத் தொடுதிரைக் கைப்பேசியை விற்றது. ஐபோனும் அந்த ஆண்டுதான்.

அதன்பின் நடந்தது மெல்லிய பின்வாங்கல். 2008-இன் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியான எச்டிசி டிரீம்கூட, பக்கவாட்டில் நழுவும் முழு விசைப்பலகையோடுதான் வந்தது. பிளாக்பெர்ரி 2010-இல் டார்ச், 2015-இல் பிரிவ் என்று இரண்டு முறை முயன்றது. கண்ணாடியில் எழுதப் பழகிய விரல்கள் திரும்பி வரவில்லை. 2018-இல் சில சீன நிறுவனங்கள் மீண்டும் நழுவும் கைப்பேசிகளைச் செய்தன. அவற்றில் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது கேமரா.

விசைகள் போனபோது தமிழ் வந்தது என்பதுதான் இதில் விந்தை. அச்சிட்ட பொத்தானில் இடம் இல்லாத எழுத்துகளுக்குக் கண்ணாடியில் இடம் இருந்தது. 2013-இல் ஐபோனின் ஏழாம் இயங்குதளத்திலேயே தமிழ் விசைப்பலகை உடன் வந்தது. ழகரத்துக்கு ஆறு தட்டல்கள் என்ற கணக்கு முடிந்துபோயிற்று. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் பழக்கம் மட்டும் முடியவில்லை. உழைப்பின் காரணமாகத் தொடங்கியது, காரணம் நீங்கியபின்னும் பழக்கமாக நிற்கிறது. என் மாணவர்கள் பலர் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவர்களில் எவரும் ஸ்லைடரைத் தொட்டவரல்லர்.

அந்தப் பத்தாண்டுகளின் குறுஞ்செய்திகளைத் தேடி வாசிக்க வேண்டும் என்று மொழி ஆய்வாளர் ஒருவர் புறப்பட்டால் அவருக்கு என்ன கிடைக்கும்? கல்வெட்டில் புள்ளி இடாத வழக்கம் எந்தக் காலம்வரை நீடித்தது என்று நம்மால் பேச முடிகிறது. 2006-இல் மதுரைக்காரர் ஒருவர் ளகரத்தை எப்படி எழுதினார், கோயம்புத்தூர்க்காரர் எப்படி எழுதினார் என்று பேச முடியுமா? கருவியின் நினைவகம் நிரம்ப நிரம்ப நாமே அவற்றை அழித்தோம். மிஞ்சியவை, வெள்ளைத் திரையாகிவிட்ட ஸ்லைடர்களுக்குள் கிடந்து, பழைய இரும்போடு எடைக்குப் போயின. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2004 முதலே குறுஞ்செய்திகளைத் திரட்டி ஆய்வாளர்களுக்கு வழங்கிவருகிறது. அத்தொகுப்பில் உள்ளவை ஆங்கிலமும் சீனமும்.