கல்லூரியை விட்டுப் போன பெரியவர்

மலருக்கு ஏதாவது எழுதுப்பா என்று சங்கத்தில் கேட்டதும், ஹாஸ்டல் கதைதான் முதலில் ஞாபகம் வந்தது. அதை எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் ஒரு தியாகியைப் பற்றி எழுதுகிறேன். அவர் பாபநாசத்துக்காரர் இல்லை. ஆனாலும் முதுமையை நம்ம டெல்டாவுக்குக் கொடுத்தவர். பெயர் ஜெகந்நாதன்.

1914ல் அன்றைய ராமநாதபுரம் மாவட்டம் செங்கப்படையில் வசதியான வீட்டில் பிறந்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டு 1930ல் கல்லூரிப் படிப்பை விட்டார். (நாமெல்லாம் அரியர் எழுதியாவது பட்டம் வாங்கியவர்கள்!) 1942 போராட்டத்தில் சிறை. சுதந்திர நாட்டில்தான் கல்யாணம் என்று காத்திருந்து, 1950ல் கிருஷ்ணம்மாளை மணந்தார். அந்த அம்மா ஏழை தலித் குடும்பம், பட்டதாரி. கணவர்தான் படிப்பைப் பாதியில் விட்டவர்.

வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தார்கள். 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து போனார்கள். அதன்பின் இருவரும் கீழத்தஞ்சைக்கே வந்துவிட்டார்கள். எமர்ஜென்சியில் மறுபடி சிறை. இதற்கு நடுவில் இரண்டு பிள்ளைகளை வளர்த்து இருவரையும் டாக்டராக்கினார்கள். நாட்டுக்கு உழைப்பவர் வீட்டைக் கவனிக்க மாட்டார் என்று நாம் சொல்வது இவர் விஷயத்தில் செல்லாது. இயக்கமே அந்த வீட்டுக் குடித்தனம்தான். 1981ல் இருவரும் சேர்ந்து லாஃப்டி என்ற நில இயக்கத்தைத் தொடங்கினார்கள். மிராசுதாரிடம் பேசி, கடன் வாங்கி, நிலத்தை விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று வீட்டுப் பெண்கள் பேரில் பத்திரம். இப்படிச் சுமார் 13,000 குடும்பங்கள்.

1990களில் கடலோரத்தில் இறால் குட்டைகள் வந்தன. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதை இறைத்து வயல் பக்கத்தில் தேக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல இன்ஜினியர் தேவையில்லை. எண்பதை நெருங்கிய வயதில் பெரியவர் சத்தியாக்கிரகத்தில் உட்கார்ந்தார்; சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனார். 1996 டிசம்பர் 11ல் அவர் பெயரிலேயே தீர்ப்பு. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த குட்டைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும், வேலை இழப்பவர்களுக்கு ஆறு வருடக் கூலி தர வேண்டும் என்றது கோர்ட். ஆனால் 2005ல் வந்த மத்திய சட்டம் அந்தத் தடையை விலக்கி, இறால் வளர்ப்புக்கு மறுபடி வழிவிட்டது.

இங்கேதான் நான் வருகிறேன். படிப்பு முடித்து முதலில் கிடைத்த வேலை, நாகப்பட்டினம் பக்கம் இறால் குட்டைகளுக்கு ஏரேட்டர் பொருத்துவது. ஒருநாள் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டு வாசலில் நின்றேன்.

"எந்த ஊரு தம்பி?"

"பாபநாசம்ங்க."

"குடமுருட்டித் தண்ணியில வளர்ந்த புள்ள. இதைக் குடிச்சுப் பாரு" என்று அடிபம்பிலிருந்து ஒரு சொம்பு நீட்டினார் பாட்டி. வாயில் வைக்க முடியவில்லை. அப்புறம் உள்ளே போய், தூரத்திலிருந்து சுமந்து வந்த குடத்துத் தண்ணீரைக் கொடுத்தார். அந்த ஒரு ஏக்கர் பத்திரம் தன் பேரில் இருப்பதையும், ஜெகந்நாதன் ஐயா பேரையும் அவர் சொல்லித்தான் முதன்முதலாகக் கேட்டேன். பதினாறு வருடம் படித்த எந்தப் பாடத்திலும் அந்தப் பெயர் வரவில்லை.

உடனே வேலையை விட்டேன் என்று எழுதினால் பொய். வீட்டில் தங்கை கல்யாணக் கடன். 2013 பிப்ரவரி 12ல் பெரியவர் 98 வயதில் காந்திகிராமத்தில் காலமானார். பேப்பரில் செய்தி படித்த அன்றும் நான் அதே சைட்டில்தான் இருந்தேன்.