சரபோஜியின் பள்ளித்தோழரும் தேவாலயத்துக் கீர்த்தனையும்

தமிழ்நாட்டில் எந்த சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குள் போனாலும் பாட்டில் இரண்டு வகை உண்டு: பாமாலை, கீர்த்தனை. பாமாலைக்கு மேனாட்டு மெட்டு. ஆர்கனோ கீபோர்டோ எடுத்துக்கொடுக்க, சபையார் எழுந்து நின்று பாடுவார்கள். கீர்த்தனைப் புத்தகத்தைப் பிரித்தால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். கீழே பல்லவி, அனுபல்லவி, சரணம். ஒரே ஆராதனையில் இரண்டும் அடுத்தடுத்து வருவதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. ஆனால் கீர்த்தனைக்கு அந்த இடம் சும்மா கிடைத்துவிடவில்லை.

முதலில் வந்தது ஜெர்மானிய மெட்டுதான். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, லுத்தரன் சபைக்காரர். லூத்தரே பாட்டெழுதியவர் என்பதால் பாட்டில்லாத ஆராதனையை அந்தச் சபையில் நினைத்தும் பார்க்க முடியாது. வேதத்தோடும் ஜெபத்தோடும் ஞானப்பாட்டுகளும் ஜெர்மனியிலிருந்து தமிழுக்கு வந்தன. இந்த வேலையில் பெரும்பெயர் எடுத்தவர் சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் வாழ்ந்த மிஷனரி பப்ரிசியஸ்.

லேசான வேலை அல்ல அது. மெட்டு ஏற்கெனவே முடிந்துபோன ஒன்று. சொல்லை அதற்குள் அடக்கியாக வேண்டும். ஜெர்மன் பாட்டு அழுத்தம் விழும் அசையை நம்பி நடப்பது. தமிழ்ச் செய்யுளோ குறில் நெடிலையும் எதுகை மோனையையும் நம்பி நடப்பது. நீளும் சுரத்தில் ஒரு குறில் வந்து உட்கார்ந்தால் ‘கல்’ என்பது ‘கால்’ என்று காதில் விழும். இத்தனை இடைஞ்சலுக்கு நடுவிலும் பப்ரிசியஸ் பாட்டுகள் இன்றுவரை பாடப்படுகின்றன என்றால் மனிதர் கெட்டிக்காரர்தான்.

தமிழ்ப் பண்ணிலேயே பிறந்த பாட்டுக்குப் பெரிய வாசலைத் திறந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். தந்தை தேவசகாயமும் புலவர். சிறுவனாக இருந்தபோதே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். அதே ஐயரிடம் பாடம் கேட்ட இன்னொரு பிள்ளை, 1798இல் தஞ்சை அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி. மன்னரும் கவிராயரும் பள்ளித்தோழர்கள்.

அது சதிரும் குறவஞ்சியும் கொடிகட்டிப் பறந்த தஞ்சாவூர். குற்றாலத்து ஈசனுக்கு ஒரு குறவஞ்சி இருக்குமானால் பெத்லகேமில் பிறந்தவருக்கு ஏன் கூடாது? 1800இல் சாஸ்திரியார் பாடியது ‘பெத்லகேம் குறவஞ்சி’. நாயகி தேவமோகினி திருச்சபையின் உருவம். அவள் காதல் கொண்டு உருகுவது இயேசுவின்மேல். குறத்தி வருகிறாள், குறி சொல்கிறாள், சிங்கன் வலை விரிக்கிறான். குறவஞ்சிக்கு உரிய எதுவும் குறையவில்லை. கூடவே, சூரியனைக் கோள்கள் சுற்றிவரும் புது வானசாஸ்திரத்தையும் உலகப் பூகோளத்தையும் பாட்டுக்குள் புகுத்திவிட்டார். மிஷன் பள்ளியில் படித்த பாடம் வீணாகவில்லை! எழுதியதோடு நிற்கவும் இல்லை. பாட்டும் வசனமும் மாறிமாறி வரும் காலட்சேபமாக அதையெல்லாம் ஊர் ஊராக நடத்தினார். எழுத்தறியாதவர்களுக்கும் வேதக்கதை காது வழியே போய்ச் சேர்ந்தது.

1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகளுக்கு இது பிடிக்கவில்லை. இந்தப் பண்கள் கோயிலிலும் சதிர்க் கச்சேரியிலும் கேட்பவை ஆயிற்றே என்பது அவர்கள் சங்கடம். சாஸ்திரியார் விடவில்லை. புதியவர்கள் இழைத்த கொடுமைகள் என்று நான்கை எழுத்திலேயே பட்டியல் போட்டார்: பழைய தமிழ் வேதத்தை மாற்றுவது, நற்கருணையில் சாதி பாராமல் எல்லோரையும் ஒன்றாக்குவது, விசேஷங்களில் பூவுக்குத் தடை, ஆலயத்தில் தமிழ்ப் பாட்டுக்குத் தடை.

இரண்டாவது கொடுமையைத் தாண்டிப் போய்விட முடியாது. தமிழ் இசைக்காக வாதாடிய அதே பேனா, வெள்ளாளர் தனியே உட்காரும் வழக்கத்துக்காகவும் வாதாடியது. சாஸ்திரியாரைக் கொண்டாடும் மேடைகளில் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பாட்டு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம். சாதி விஷயத்தில் மிஷனரிகள் பக்கம்தான்.

பாட்டு வழக்கில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாகவே வந்தது. மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், சாஸ்திரியார் பாடல்களையும் பிறர் பாடல்களையும் தொகுத்து 1853இல் அச்சிட்டார். வித்வான் பாட மற்றவர்கள் கேட்டது போய், சபையே சேர்ந்து பாடும் பாட்டாகக் கீர்த்தனை மாறியது. சாஸ்திரியார் 1864இல் காலமானார். தம் பாடல் ஆலயத்துக்குள் அச்சுப் புத்தகமாகப் போவதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார். 20ஆம் நூற்றாண்டில் கர்நாடக இசை கற்ற பாப்லி என்ற ஆங்கிலேய மிஷனரியே கிராமங்களில் பாட்டுக் காலட்சேபம் நடத்தினார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் மாபெரும் இசை நூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதரும் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றியவர்.

கத்தோலிக்கர் கதை வேறு. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ கச்சேரி மேடை ஏறிய பிறகும், அவர் சார்ந்த சபையில் திருப்பலி இலத்தீனில்தான் நடந்தது. அது தமிழுக்கு மாறியது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1960களில்.

இன்று கீபோர்டும் டிரம்ஸும் வந்துவிட்டன. கன்வென்ஷன் பாட்டுகளுக்குத்தான் கூட்டம் கைதட்டுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதுப்பாட்டு எழுதித்தான் சாஸ்திரியாரும் பெயர் வாங்கினார். ஆனால் கீர்த்தனைக்கு மேல் அச்சாகியிருக்கும் இராகப் பெயரைக் கவனிக்காமல், கேட்டுப் பழகிய ஏதோ ஒரு மெட்டில் பாடிவிட்டுப் போகும் சபைகள் பெருகிவிட்டன. பழைய வர்ணமெட்டு தெரிந்த பெரியவர்கள் உங்கள் சபையில் இருந்தால், அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்களை உட்காரவைத்துப் பாடச் சொல்லி, கையிலிருக்கும் செல்போனில் பதிவு செய்து வையுங்கள்.