பச்சை குத்துவதற்கு உரிமம்: ஒரு சின்ன வரலாறு



நம் தரைத்தளத்தில் காலியாகக் கிடக்கும் கடையை டாட்டூ, காது மூக்கு குத்தும் நிலையத்துக்கு ஒருவர் வாடகைக்குக் கேட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் "கலாச்சாரம்" என்கிறோம், மீதிப் பேர் "வாடகை" என்கிறோம். பொதுக்குழுவில் கை தூக்கும் முன் இந்தத் தொழிலின் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.

பச்சை குத்துவது நமக்குப் புதிதல்ல. உங்கள் பாட்டியின் முன்கையில் ஒரு கோலமோ தேளோ இருந்திருக்கும். ஊர் ஊராக வந்த குறவர் பெண்கள் குத்தியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதன் பக்குவத்தையே எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியை வழித்துத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயார். அன்று யாரும் உரிமம் கேட்கவில்லை. ஆனால் குத்தியவள் அடுத்த வருஷமும் அதே தெருவுக்கு வர வேண்டியவள். புண் சீழ் வைத்தால் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

அரசாங்கம் இதில் நுழைந்த விதம்தான் வேடிக்கை. கம்பெனி ஆட்சி 1797-இல் வங்காளத்தில் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்த விதி போட்டது. 1849-இல்தான் அது ஒழிந்தது. நம் காலத்தில் எம்.ஜி.ஆர். தம் கட்சிக்காரர்களைக் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். அந்தக் கைகளை என் கவுண்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். கையெழுத்து மாறினாலும் அது மாறாது.

கட்டுப்பாடு வந்தது நோயால்தான். மஞ்சள் காமாலை பரவுகிறது என்று நியூயார்க் நகரம் 1961-இல் இந்தத் தொழிலையே தடை செய்து, 1997-இல்தான் மறுபடி அனுமதித்தது. தடை இருந்த காலத்தில் வேலை நிற்கவில்லை, வீட்டுக்குள் ஒளிந்து நடந்தது. பிரிட்டன் 1969-இல் 18 வயதுக்குக் கீழ் பச்சை குத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. வேல்ஸில் 2024 நவம்பர் 29 முதல் குத்துபவருக்குத் தனி உரிமம், இடத்துக்குத் தனி ஒப்புதல். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நம் பக்கத்து ஊருக்கு வருவோம். 2024 டிசம்பரில் திருச்சி மேலச்சிந்தாமணியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கை இரண்டாகப் பிளக்கும் வேலை நடந்தது. மருத்துவப் படிப்பு இல்லாதவர்கள் செய்து, வீடியோவாகவும் போட்டார்கள். இருவர் கைதானார்கள், மாநகராட்சி கடைக்குச் சீல் வைத்தது. மறு வருஷம் கர்நாடக சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ், பரிசோதித்த டாட்டூ மைகளில் 22 வகை உலோகங்கள் இருந்ததாகச் சொல்லி, மைக்குத் தர விதிகள் வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்டார்.

நம் மாநிலத்தில் உள்ளாட்சி தரும் வியாபார உரிமம் இருக்கிறது. அது கடைக்கான உரிமம். ஊசி பிடிக்கும் கைக்கு ஒன்றும் இல்லை. முகவரியைச் சரிபார்த்துவிட்டு, கையெழுத்தைப் பார்க்காமல் காசோலையை பாஸ் செய்வது போல. அதனால்தான் வேல்ஸ் முறை எனக்குப் பிடித்தது.

விதி எழுதுவதும் சுலபமில்லை. காதுகுத்து விழாவில் மாமன் மடியில் பிள்ளையை வைத்துக் குத்தும் ஆசாரிக்கு என்ன சொல்வது? நார்த்தாமலை பங்குனித் திருவிழாவில் அலகு குத்துபவருக்கு? அவர்களை மெஷின் வைத்தவரோடு ஒரே படிவத்தில் அடைத்தால், நியூயார்க் போல எல்லாம் ஒளிந்துதான் நடக்கும். ஊசி சுத்தம், மை, வயது இந்த மூன்றையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மற்றதை விடலாம் என்பது என் கருத்து.

சட்டம் வரும்போது வரட்டும். வாடகை ஒப்பந்தம் நம் கையில் இருக்கிறது. மாநகராட்சி உரிமத்தின் நகலைச் சங்கம் வாங்கி வைக்கட்டும். ஊசியை வாடிக்கையாளர் முன்னால்தான் பிரிக்க வேண்டும், ஒரு ஆளுக்கு ஒன்று. மைப் புட்டியில் தயாரித்தவர் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். 18 வயது ஆகாதவருக்கு டாட்டூ கிடையாது. இன்னொன்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியட்டும்: டாட்டூ குத்திக்கொண்டால் 12 மாதம் ரத்த தானம் செய்ய முடியாது.

கடைசியாக, ஒப்பந்தத்தில் முதலில் வர வேண்டியது: பயன்படுத்திய ஊசி குத்தினாலும் துளைக்காத டப்பாவில் தனியாகப் போக வேண்டும். நம் குப்பைத் தொட்டியைத் தினமும் காலையில் வெறுங்கையால் பிரிக்கிற அம்மாவுக்கு நாம் இன்னும் கையுறைகூட வாங்கித் தரவில்லை. பொதுக்குழுவில் இந்த இரண்டையும் முடிவு செய்துவிட்டு வாடகைக்கு வருவோம்.