செயின், பெல்ட், மறுபடி செயின்

டீசல் கார்களுக்கு டைமிங் பெல்ட் மாற்றுவது என்ற வேலை மும்பைப் பட்டறைகளில் பரவலானது 1990-களின் கடைசியில்தான். அதுவரை அங்கிருந்த மிஸ்திரிகளுக்குப் பெரும்பாலும் பழக்கமானவை செயினும் பல்சக்கரமும். வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் நிறுவனத்தின் குர்லா ஆலையில் செய்த ஃபியட் 1100, பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறி, கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஊரையே நிறைத்தது. அதன் பெட்ரோல் எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைக் கிராங்கோடு சேர்த்துச் சுழற்றியது செயின். 1980-ல் வந்த டீசல் அம்பாசிடரிலும் செயின்தான். செம்பூரைத் தாண்டி மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போய்வந்த டாடா லாரிகளில் பல்சக்கரம்.

செயினுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தேய்ந்தால் கலகலவென்று சத்தம் போடும். கேட்டும் கேளாமல் இன்னும் சில மாதம் ஓட்டலாம். தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாகப் பட்டறைக்குப் போனவர்கள் முதலில் படித்தது இந்தச் சத்தங்களைத்தான். பானெட்டைத் திறக்குமுன்பே நோயைச் சொல்பவரே கைராசிக்காரர்.

பல் வைத்த ரப்பர் பெல்ட் அமெரிக்காவில் 1940-களில் தையல் இயந்திரத்துக்காகப் பிறந்தது. கார் எஞ்சினுக்குள் அதைக் கொண்டுவந்தது ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம், 1962-ல். 1966-ல் ஃபியட்டும், 1970-களில் டீசல் கோல்ஃப் காரில் ஃபோக்ஸ்வாகனும் பின்தொடர்ந்தன. சத்தமில்லை, எண்ணெய் வேண்டாம், விலையும் குறைவு. டீசல் கார்களில் மும்பை மிஸ்திரியின் கையில் அது பரவலாகச் சிக்கியது 1998-க்குப் பிறகு: பெஜோவின் 1527 சிசி டீசல் எஞ்சினோடு வந்த மாருதி ஜென், எஸ்டீம், அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான 1405 சிசி டாடா இண்டிகா.

பெல்ட் சத்தம் போடாது. ஒருநாள் அறுந்துவிடும், அவ்வளவுதான். டீசல் எஞ்சினில் அழுத்த விகிதம் ஏறக்குறைய 22-க்கு 1 என்பதால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வுக்கும் அதற்கும் நடுவே மயிரிழைதான் இடம். கேம் நின்று கிராங்க் மட்டும் சுழன்றால் பிஸ்டன் வால்வை இடித்து வளைக்கும். பிறகு ஹெட்டை இறக்காமல் வழியில்லை. டீசல் பம்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது என்பதால் அதற்குச் சுமையும் கூடுதல்.

வேலையின் கஷ்டம் பெல்ட்டைக் கழற்றுவதில் இல்லை, மார்க் வைப்பதில்தான். முதல் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்க், கேம், பம்பு மூன்றின் புல்லியிலும் உள்ள அடையாளங்கள் சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கரி ஏறிய புல்லியில் குறி தெரியாது. துடைத்து, பள்ளிக்கூடத்து ஒயிட்னரால் புள்ளி வைத்துக்கொள்வார்கள். புதுப் பெல்ட்டை மாட்டி, டென்ஷனரை இறுக்கிய பின் சாவி போடக் கூடாது. கிராங்கை ஸ்பானரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் திரும்பச் சேர்ந்தால்தான் ஸ்டார்ட். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் புகையும் தட்டலுமாக வண்டி காட்டிக்கொடுத்துவிடும். பல பல் தள்ளினால் வால்வு போகும். பழைய டென்ஷனரை அப்படியே விட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் மாற்றுவது அந்நாளில் சகஜம். புதுப் பெல்ட்டையும் கெடுத்த சிக்கனம் அது.

காது பழகிய தொழிலுக்குக் கணக்கு பழக நாளாயிற்று. எந்த மாடலானாலும் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முந்துகிறதோ அது, என்று கம்பெனி புத்தகத்தில் அச்சிட்டிருந்தது. ஆனால் டூரிஸ்ட் டாக்சியாக லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய இண்டிகா கைமாறும்போது மீட்டரை யார் நம்புவது? செகண்ட் ஹேண்டில் வாங்கினால் மறுவாரமே பெல்ட்டை மாற்றிவிடு என்ற வழக்கம் இதனால்தான் வந்தது. அறுத்துக்கொண்டு வந்தவர்கள் வால்வு வளையாத ஹெட் தேடிக் குர்லா சிஎஸ்டி ரோட்டின் பழைய பாகக் கடைகளில் அலைந்தார்கள்.

இதற்கிடையே 1999-ல் புகையால் அவதிப்பட்ட குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் தந்த உத்தரவுகளால் பழைய டாக்சிகள் சிஎன்ஜிக்கு மாறின. டீசல், தனியார் கார்களிலும் டூரிஸ்ட் வண்டிகளிலும் தங்கியது. 2007-ல் ஸ்விஃப்டிலும் மறு ஆண்டு இண்டிகா விஸ்டாவிலும் ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் வந்தபோது பெல்ட் போய்ச் செயின் திரும்பியிருந்தது. லட்சம் கிலோமீட்டர் தாண்டிய அந்த வண்டிகள் காலையில் முதல் ஸ்டார்ட்டில் கலகலத்தபோது, பழைய மிஸ்திரிகள் பானெட்டைத் திறக்காமலே செயின் என்றார்கள்.