கூண்டுக்கிளியின் உணவு: தில்லை நகர் வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

மணல் மூடிக் கிடந்த திருவரங்கக் கோயிலை ஒரு கிளி காட்டிக்கொடுத்தது என்றும், அதை மீட்ட அரசன் கிளிச்சோழன் எனப் பெயர்பெற்றான் என்றும் தலவரலாறு சொல்கிறது. அக்கோயிலில் கிளி மண்டபம் இன்றும் உண்டு. கிளியைப் போற்றிய இந்தத் திருச்சியில், காவிரியின் தென்கரையில் உள்ள தில்லை நகர் அடுக்ககங்களிலும் கிளி வளர்க்க விரும்புவோர் உண்டு. அன்புக்குக் குறைவில்லை, உணவறிவுதான் போதவில்லை. வெளியில் திரியும் கிளி தன் இரையைத் தானே தேர்ந்துகொள்கிறது. கூண்டு அந்தத் தேர்வைப் பறித்துவிடுகிறது. ஆகவே பலவகை உணவு தருவது வளர்ப்பவர் காட்டும் சலுகை அன்று, அவர் பட்ட கடன் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1. எந்தக் கிளி?

நம் தென்னந்தோப்புகளில் பறக்கும் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் அதை இரண்டாம் அட்டவணையில் வைத்துள்ளது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சட்டத்திற்கு உட்பட்டு வளர்க்கக்கூடியவை அயல்நாட்டு இனங்களே. கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் பட்ஜரிகர், காக்கட்டீல், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி முதலியன இவற்றுள் அடங்கும். காட்டுயிர் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் பட்டியலில் உள்ள சாம்பல் கிளி போன்றவற்றை 2024ஆம் ஆண்டு விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இனம் மாறினால் உணவும் மாறும். பட்ஜரிகரும் காக்கட்டீலும் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் புல்விதை தின்று வாழ்பவை. சாம்பல் கிளி மழைக்காட்டில் பழமும் கொட்டையும் தேடுவது. லோரி இனங்களுக்குப் பூந்தேனும் மகரந்தமும் முதன்மை. எல்லாக் கிளிக்கும் கொய்யாப்பழம் என்ற பொதுவிதி இங்கே செல்லாது.

2. ஒரே உணவால் வரும் கேடு

சென்னை இராயப்பேட்டையில் ஜோசப் சேகர் என்பவர் தம் வீட்டு மாடியில் பல ஆண்டுகளாக ஊறவைத்த அரிசியைப் பச்சைக்கிளிகளுக்கு இட்டுவந்தார். அக்கிளிகள் அரிசியை உண்டபின் பறந்துபோய் மற்றவற்றை வெளியில் தேடிக்கொள்ளும். கூண்டுப் பறவைக்கு அந்த வழி இல்லை; கிண்ணத்தில் விழுவதே அதன் உலகம்.

பரவலாக இடப்படும் சூரியகாந்தி விதையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. 100 கிராமில் பாஸ்பரஸ் 600 மில்லிகிராமுக்கு மேல் இருக்க, கால்சியமோ 80 மில்லிகிராமைத் தொடுவதில்லை. பறவைக்கு வேண்டிய விகிதம் இதற்கு நேர்மாறானது: கால்சியம் இரு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு. இந்தக் கால்சியக் குறையால் சாம்பல் கிளிகளுக்கு வலிப்பே வருவதுண்டு. விதைகளில் வைட்டமின் ஏயும் மிகக் குறைவு. அது குன்றினால் வாயின் உட்புறத்தோல் தடித்து வெண்திட்டுகள் தோன்றும், மூச்சுத்தொற்று எளிதில் பற்றும். அயோடின் இல்லாத விதையுணவு பட்ஜரிகருக்குத் தைராய்டு வீக்கத்தைத் தருகிறது. கொழுப்பு ஈரலில் படிவது மற்றொரு கேடு.

3. சந்தையில் கிடைக்கும் மருந்து

இக்குறைகளைத் தீர்க்கும் பொருள்கள் தென்னூர் உழவர் சந்தையிலேயே கிடைக்கின்றன. வைட்டமின் ஏக்கு முருங்கைக்கீரை, கேரட், பரங்கிக்காய், பப்பாளி ஆகியவை உதவும். முருங்கை கால்சியமும் தரும். பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிவிடுவதால் அதை அளவோடு தருக. பழுத்த மிளகாயும் நல்லதே. பறவைகளின் நரம்பு ஏற்பி காரத்தை உணர்வதில்லை. முளைகட்டிய பச்சைப்பயறு புரதத்திற்கு; தினையும் கம்பும் கொழுப்புக் குறைந்த தானியங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை எனக் கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டிவைத்தால் கால்சியம் சேரும், அலகும் தேயும். பெல்லட் எனும் சரிவிகிதக் குருணைத் தீவனத்தை அடிப்படையாக வைத்து, காய்கீரையைச் சேர்த்து, பழத்தைச் சிறுபங்காக நிறுத்துவதே பறவை மருத்துவர்கள் பலரின் பரிந்துரை. பட்ஜரிகர் போன்ற விதையுண்ணிகளுக்கு மட்டும் விதையின் பங்கு சற்றுக் கூடலாம்.

4. விலக்க வேண்டியவை

வெண்ணெய்ப்பழம் எனும் அவகாடோவில் உள்ள பெர்சின் பறவையைக் கொல்லக்கூடியது. சாக்லேட், காபி, மது, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை ஆகியனவும் ஆகா. பூஞ்சை பிடித்த வேர்க்கடலையில் அஃபிளாடாக்சின் நஞ்சு உருவாகிறது. பால்சோறு பாசத்தின் அடையாளமாக இருக்கலாம். ஆனால் பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பறவைக்கு இல்லை. 35 கிராம் எடையுள்ள பட்ஜரிகருக்கு ஒரு கிராம் முறுக்கு, 70 கிலோ மனிதர் இரண்டு கிலோ முறுக்கை உண்பதற்குச் சமம். உப்பின் ஆபத்தை இதிலிருந்து உணரலாம்.

5. மாற்றும் முறை

விதைக்குப் பழகிய பறவையைப் பட்டினி போட்டு மாற்றக்கூடாது. பசியுள்ள காலை நேரத்தில் புதிய உணவை முதலில் வைத்து, விதையைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கிராம் தராசில் தினமும் எடை பார்த்து, பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மாற்றத்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகுக. திருச்சியின் கோடையில் நறுக்கிய காயும் முளைப்பயறும் விரைவில் கெடும்; இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுக. குடிநீரை நாள்தோறும் மாற்றுக.

முடிவுரை

காக்கட்டீல் முறையாகப் பேணினால் 15 முதல் 20 ஆண்டு வாழும். சாம்பல் கிளி 40 ஆண்டையும் கடக்கும். அத்தனை காலமும் கிண்ணத்தில் என்ன விழ வேண்டும் என்பதை வளர்ப்பவரே முடிவு செய்கிறார். அன்றாடம் கீரை ஆய்ந்து, காய் நறுக்கி, எடை பார்க்க நேரம் ஒதுக்க முடியாதவர் கிளி வாங்காதிருப்பதே அறம். முடிந்தவர், கூண்டு வாங்கும் முன்பே சந்தைப் பட்டியலை எழுதிவிடட்டும்.