பீர் வியாபாரி வளர்த்த பந்தாட்டக் குழு

1920-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், நியூயார்க் நகரத்தின் பெரிய பீர் ஆலைகளுள் ஒன்றுக்கு அதிபராயிருந்த ஜேக்கப் ரூப்பர்ட்டின் வாழ்வில், பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு சம்பவங்கள் நிகழ்ந்தன. 5-ஆம் தேதி, அவருக்குப் பாதிப் பங்கு இருந்த யாங்கீஸ் என்னும் பேஸ்பால் குழு, பாஸ்டன் நகரக் குழுவிலிருந்து பேப் ரூத் என்ற ஆட்டக்காரரை விலைக்கு வாங்கிவிட்டது என்ற செய்தி வெளியாயிற்று. 17-ஆம் தேதி, அமெரிக்க தேசம் முழுவதிலும் மதுவிலக்குச் சட்டம் அமலுக்கு வந்து, மூன்று தலைமுறையாக அவர் குடும்பத்தார் செய்துவந்த தொழில் குற்றமாயிற்று. பரம்பரைத் தொழில் நொடித்துப்போன வேளையில், ஆசைக்கு வாங்கிய குழுவே அவருடைய கீர்த்திக்கு ஆதாரமாயிற்று என்றால், அதிருஷ்டம் அவர் பக்கம் இருந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தக் குழுவை அவர் நடத்திய முறையைக் கூர்ந்து நோக்குகிறவர்களுக்கு, பீர் ஆலையில் கற்ற வியாபாரப் பாடங்களை அவர் பந்தாட்ட மைதானத்திலும் பிசகாமல் அனுசரித்து வந்தார் என்பது விளங்கும்.

அவருடைய பாட்டனார் ஜெர்மனியின் பவேரியாப் பிரதேசத்திலிருந்து குடியேறி, நியூயார்க்கில் பீர் ஆலை நடத்தியவர். தகப்பனார், ஜெர்மானியர்கள் மிகுதியாக வசித்த யார்க்வில் பகுதியில் 1867-இல் சொந்தமாக ஓர் ஆலையை ஏற்படுத்தினார். அதே ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி பிறந்த மகனுக்குத் தம் பெயரையே இட்டார். பணக்கார வீட்டுப் பிள்ளை என்பதற்காக ஆலைக்குள் நுழைந்ததுமே நாற்காலியில் உட்கார்ந்துவிட அந்த மகனுக்கு இடம் கொடுக்கப்படவில்லை. பீப்பாய் கழுவும் வேலையில் தொடங்கித்தான் படிப்படியாக அவர் நிர்வாகத்துக்கு வந்தார். பிறகு ராஜாங்க விவகாரங்களில் பிரவேசித்து, 1899 முதல் 1907 வரை அமெரிக்கக் காங்கிரஸில் அங்கத்தினராய் இருந்தார். இளமையிலே நியூயார்க் கவர்னருடைய பரிவாரத்தில் சேர்ந்து பெற்ற ‘கர்னல்’ பட்டம், போர்க்களத்தின் வாசனையே அறியாததாயினும், கடைசிவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விவாகம் செய்துகொள்ளாதவர், உடையில் ஒரு மடிப்புக் கலையாதவர், சீனத்துப் பீங்கான்களையும் பச்சைக்கல் சிற்பங்களையும் சேகரிப்பதிலும், உயர்ந்த ஜாதி நாய்களையும் குதிரைகளையும் வளர்ப்பதிலும் பிரியமுடையவர். எதையும் முதல் தரமானதாக வைத்துக்கொள்ள வேண்டுமென்ற அந்தச் சுபாவம்தான் பிற்காலத்தில் குழுவிலும் பிரதிபலித்தது.

பீர் வியாபாரிகளுக்கும் பேஸ்பாலுக்கும் இருந்த சம்பந்தம் ரூப்பர்ட்டுக்கு முன்பே ஏற்பட்டதாகும். 1882-இல் தோன்றிய ஒரு லீகில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆட்டம் நடத்துவது, மைதானத்திலேயே பீர் விற்பது, நுழைவுக் கட்டணத்தை இருபத்தைந்து சென்ட்டாகக் குறைப்பது என்று தீர்மானித்தார்கள். அதன் முதலாளிகளிற் பலர் மதுத்தொழிலில் ஈடுபட்டவர்களாக இருந்தபடியால், ஆசாரசீலர்கள் அதைச் சாராய லீக் என்று பரிகசித்தார்கள். வாரம் ஆறு நாளும் உழைத்துவிட்டு ஏழாம் நாள் காற்று வாங்க வரும் தொழிலாளிக்கு மலிவான ஓர் ஆட்டமும் ஒரு குவளைப் பீரும் போதும் என்பதை அந்த வியாபாரிகள் உணர்ந்திருந்தார்கள். இந்தப் பரம்பரையில் வந்தவர்தாம் ரூப்பர்ட்.

1915 ஜனவரியில், கியூபாவில் துறைமுக வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செல்வம் ஈட்டிய ஹஸ்டன் என்னும் எஞ்சினீயரோடு கூட்டுச் சேர்ந்து, சுமார் 4,60,000 டாலருக்கு அவர் யாங்கீஸ் குழுவை வாங்கினார். அன்றைக்கு அந்தக் குழுவின் நிலைமை பரிதாபமானது. சூதாட்ட விடுதி நடத்திய ஒருவரும், போலீஸ் தலைவராயிருந்து விலகிய ஒருவருமாக 1903-இல் நியூயார்க்குக்குக் கொண்டுவந்த குழு அது. அதுவரை ஒரு முறைகூட லீகில் முதலிடம் பெறவில்லை. சொந்த மைதானமும் இல்லாமல், அந்நகரத்தின் செல்வாக்கு மிகுந்த ஜயன்ட்ஸ் குழுவினுடைய போலோ கிரவுண்ட்ஸில் வாடகைக்குக் குடியிருந்தது. ரூப்பர்ட் முதலில் ஆசைப்பட்டது ஜயன்ட்ஸ் குழுவின்மீதுதான். அது விற்பனைக்கு இல்லை என்றானபோதே இந்த நோஞ்சான் குழுவின் பக்கம் திரும்பினார்.

வாங்கியபின் அவர் செய்த காரியங்களில் முக்கியமானது, தகுந்த மனிதனைத் தேடிப் பொறுப்பை ஒப்படைத்ததாகும். 1917-இன் இறுதியில், ஹஸ்டன் ராணுவச் சேவைக்காகப் பிரான்ஸில் இருந்த சமயத்தில், மில்லர் ஹக்கின்ஸ் என்ற குள்ளமான, அதிகம் பேசாத ஒருவரை அவர் மானேஜராக நியமித்தார். தம் நண்பர் ஒருவருக்கு அந்த உத்தியோகம் கிடைக்க வேண்டுமென்றிருந்த ஹஸ்டனுக்கு இது பொறுக்கவில்லை. கூட்டாளிகள் இருவருக்கும் அன்று விழுந்த விரிசல் பிறகு கூடவே இல்லை. குழு உயர என்ன வேண்டும் என்று கேட்டபோது, ரூத்தை வாங்குங்கள் என்று யோசனை சொன்னவரும் ஹக்கின்ஸே.

பாஸ்டன் குழுவின் முதலாளி நாடகங்கள் தயாரிப்பவர். பணமுடை அவருக்கு எப்போதும் இருந்தது. ரூத்துக்கு ஒரு லட்சம் டாலர் விலை பேசப்பட்டது. அதற்கு மேல், பாஸ்டன் மைதானத்தின் ஈட்டின்பேரில் மூன்று லட்சம் டாலர் கடன் கொடுக்கவும் ரூப்பர்ட் சம்மதித்தார். கிரிக்கெட்டில் பந்தை எல்லைக்கு அப்பால் தூக்கி அடிப்பதைப் போன்ற ‘ஹோம் ரன்’ அடியில் ரூத்துக்கு நிகரானவர் அக்காலத்தில் எவரும் இல்லை. பாஸ்டனில் 1919-இல் 29 அடித்தவர், நியூயார்க்குக்கு வந்த ஆண்டில் 54 அடித்தார். நியூயார்க் மாகாணத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இருந்த தடையும் 1919-இல்தான் நீங்கியிருந்தது. இவ்விரண்டும் சேர்ந்ததன் பயனாக, 1919-இல் சுமார் 6,19,000 பேர் பார்த்த யாங்கீஸ் ஆட்டங்களை 1920-இல் 12,89,000-க்கும் அதிகமானவர்கள் பார்த்தார்கள். பேஸ்பால் சரித்திரத்தில் ஓராண்டில் பத்து லட்சத்தைத் தாண்டிய முதற் குழு அதுவே.

வீட்டுக்காரனைவிடக் குடியிருப்பவன் செழிப்பாக இருந்தால் வீட்டுக்காரனுக்கு எப்படிப் பொறுக்கும்? இடத்தைக் காலி செய்யவேண்டும் என்று ஜயன்ட்ஸ் தரப்பில் பேச்செழுந்தது. ரூப்பர்ட்டோ வாடகை இடத்தில் ஆலை நடத்தும் பழக்கமில்லாதவர். ஹார்லெம் நதிக்கு அக்கரையில், போலோ கிரவுண்ட்ஸுக்கு நேர் எதிரே, பிராங்ஸ் பகுதியில் பத்து ஏக்கர் நிலத்தை ஆஸ்டர் வம்சத்தாரிடமிருந்து 1921-இல் வாங்கினார்கள். 1922 மே மாதம் வேலை துவங்கி, ஓராண்டுக்குள், அதுவரை பேஸ்பால் காணாத மூன்றடுக்கு மாடங்களோடு யாங்கீ ஸ்டேடியம் எழுந்தது. செலவு இருபது லட்சம் டாலருக்கு மேல். இடக்கைக்காரரான ரூத்தின் அடிகள் பறக்கும் வலப்பக்கத்து எல்லை வேண்டுமென்றே கிட்டத்தில் அமைக்கப்பட்டிருந்தது. 1923 ஏப்ரல் 18-ஆம் தேதி நடந்த முதல் ஆட்டத்துக்கு 74,200 பேர் வந்தார்கள் என்று அறிவித்தார்கள். எதிர்த்து ஆடியது பாஸ்டன் குழு. அன்றே ரூத் ஒரு ஹோம் ரன் அடித்து, 4-க்கு 1 என்ற கணக்கில் வெற்றி கிட்டியது. ரூத் கட்டிய வீடு என்று ஒரு பத்திரிகைக்காரர் அந்த ஸ்டேடியத்துக்கு இட்ட பெயர் நிலைத்துவிட்டது. ஹஸ்டனுடைய பங்கையும் அந்த வசந்தத்தில் ரூப்பர்ட் விலைக்கு வாங்கி, ஏக முதலாளியானார். அந்த ஆண்டே ஜயன்ட்ஸைத் தோற்கடித்து யாங்கீஸ் முதன்முறையாக ‘உலகத் தொடர்’ பட்டத்தை வென்றது.

முதலாளியின் குணம் சோதனைக் காலத்தில் வெளிப்படும். 1925-ஆம் ஆண்டு ரூத்தின் உடம்பும் ஒழுக்கமும் ஒருங்கே கெட்டுக் குழு ஏழாவது இடத்துக்கு இறங்கியது. ஆகஸ்டு மாத இறுதியில், இரவில் ஊர் சுற்றிவிட்டுத் தாமதமாக வந்த ரூத்துக்கு ஹக்கின்ஸ் 5,000 டாலர் அபராதம் விதித்து, ஆட்டத்திலிருந்தும் விலக்கிவைத்தார். அக்காலத்தில் ஒரு சாதாரண ஆட்டக்காரருடைய ஓராண்டுச் சம்பளம் அளவுக்குப் பெரிய தொகை அது. தம்மால் அல்லவா கூட்டம் வருகிறது என்ற இறுமாப்போடு ரூத் நியூயார்க்குக்குப் போய் முதலாளியிடம் முறையிட்டார். ஹக்கின்ஸ் செய்ததே சரி, அவர் சொல்லும்வரை ஆட முடியாது என்று ரூப்பர்ட் தீர்த்துச் சொல்லிவிட்டார். லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய ஆட்டக்காரரைவிட, தாம் நியமித்த நிர்வாகியின் வார்த்தைக்கே மதிப்பு என்பதை அன்று குழுவில் எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 1927-இல், அதே ரூத் 60 ஹோம் ரன் அடிக்க, குழு 110 ஆட்டங்களை வென்று புகழின் சிகரத்தை எட்டியது.

ஆட்டக்காரர்களை லட்சக்கணக்கில் விலைகொடுத்து வாங்குவதைவிட இளமையிலேயே பிடித்துப் பயிற்றுவிப்பது லாபகரம் என்பதை செயின்ட் லூயிஸ் குழு நிரூபித்துக் காட்டியதும், ரூப்பர்ட் 1931-இல் நூவர்க் நகரக் குழுவை வாங்கி, அதைத் தம் பிரதான குழுவுக்கு நாற்றங்காலாக்கினார். ரூத் வயது முதிர்ந்து, தமக்கு மானேஜர் பதவி வேண்டுமென்று கேட்டபோது, முதலில் நூவர்க்கில் நடத்திக் காட்டட்டும் என்றார் ரூப்பர்ட்; ரூத் மறுத்துவிட்டார். 1935-இல் இருவரும் பிரிந்தார்கள்.

இதற்கிடையில் பீர் ஆலை என்னவாயிற்று? நூற்றுக்கு அரைப் பங்கு மட்டுமே போதைச் சத்துள்ள பானத்தையும் மால்ட் பாகையும் தயாரித்து, பதின்மூன்று ஆண்டுகள் அதை அவர் உயிரோடு வைத்திருந்தார். போட்டியாளர்கள் பலர் கதவடைத்துவிட்ட நிலையில், 1933 ஏப்ரலில் பீருக்கு மறுபடி அனுமதி கிடைத்தபோது அவருடைய ஆலை தயாராயிருந்தது. அவ்வாண்டு பேர்ட் என்ற தளபதி தென்துருவ யாத்திரை புறப்பட்டபோது, உபகாரம் செய்த ரூப்பர்ட்டின் பெயரையே தம் கப்பலுக்குச் சூட்டினார்.

1939 ஜனவரி 13-ஆம் தேதி ரூப்பர்ட் காலமானார். எவரையும் குடும்பப் பெயர் சொல்லியே அழைப்பது அவர் வழக்கம். அந்திம காலத்தில் பார்க்கவந்த ரூத்தை அவர் ‘பேப்’ என்று அழைத்ததாகவும், தம்மை அவர் அப்படி அழைத்தது அதுவே முதல் தடவை என்றும் பின்னர் ரூத் சொன்னார். ரூப்பர்ட்டின் உரிமைக்காலத்தில் குழு பத்து முறை லீகில் முதலிடம் பெற்றது. ஏழு முறை உலகத் தொடரை வென்றது. 1945-இல் வாரிசுகள் ஸ்டேடியம் உட்பட எல்லாவற்றையும் 28 லட்சம் டாலருக்கு விற்றார்கள். ஆலை 1965-இல் மூடப்பட்டது.

இத்தனை புகழுக்கும் மறுபக்கம் ஒன்று உண்டு. அக்காலத்து ஒப்பந்தங்களில் இருந்த ஒரு ஷரத்தின்படி, ஒரு குழுவில் சேர்ந்த ஆட்டக்காரர், முதலாளி விற்றாலொழிய வேறு குழுவுக்குப் போக முடியாது. சம்பளம் பிடிக்காவிட்டால் வீட்டில் இருக்கலாம், அவ்வளவே. ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டங்கள் பேஸ்பாலைக் கட்டுப்படுத்த மாட்டா என்று 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1938-இல் யாங்கீஸ் ஆட்டக்காரர் ஜோ டிமாஜியோ 40,000 டாலர் சம்பளம் கேட்டார். ரூப்பர்ட் 25,000-க்கு மேல் ஒரு காசும் ஏறவில்லை. சில ஆட்டங்களை இழந்தபின் டிமாஜியோதான் பணிந்துவந்தார். நீக்ரோ ரயில் தொழிலாளர் சங்கத்தின் நிதிக்காக 1930-இல் கறுப்பர் குழுக்கள் ஆடிய ஆட்டங்களுக்குத் தம் ஸ்டேடியத்தை இனாமாகக் கொடுத்த ரூப்பர்ட், அதே கறுப்பர்களில் ஒருவரையும் தம் குழுவில் சேர்த்துக்கொண்டதில்லை. மற்ற முதலாளிகளும் சேர்க்கவில்லை. யாங்கீஸில் முதல் கறுப்பு ஆட்டக்காரர் இடம் பெற்றது 1955-இல்தான்.

2013-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் ரூப்பர்ட்டுக்கும் இடம் அளித்தார்கள். தகுதியற்றவருக்கு அளித்ததாகச் சொல்ல முடியாது; தகுந்தவர்களைத் தேர்ந்து, அவர்கள் காரியத்தில் தலையிடாமல், வந்த லாபத்தைக் குழுவிலேயே திரும்பப் போட்ட முதலாளிகள் எக்காலத்திலும் அரியவர்களே. ஆயினும் அவருடைய வெற்றியில் ஒரு பங்கு, வேறிடம் போக வழியில்லாத ஆட்டக்காரர்களின் உழைப்பால் வந்தது; அந்தப் பங்கையும் சேர்த்து எண்ணினால்தான் ரூப்பர்ட்டின் கணக்கு நேராகும்.